பேத்தியை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்து ஒன்றரை வருடம்: ஒரு மளிகைக் கடைக்காரனின் மதிப்பீடு

"அண்ணாச்சி, பேத்தியை நம்ம ஊர் கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டிருக்கீங்களாமே, எப்படி இருக்கு?" கடைக்கு வருகிற பத்துப் பேரில் நாலு பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். பருப்பு நிறுத்துக்கொண்டே பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன். அடுத்த சேர்க்கைக்கு யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

எந்தக் கண்ணோடு பார்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் 34 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இலவசத் திட்டங்கள் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. 2006-இல் கலர் டிவி வந்தபோதும் பிடிக்கவில்லை, 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வந்தபோதும் பிடிக்கவில்லை. ரேஷனில் விலையில்லாமல் வாங்கிய அரிசியைப் பையோடு கொண்டுவந்து, இட்லி மாவு அரைக்கிறவர்களிடம் கிலோ எட்டு ரூபாய், பத்து ரூபாய்க்குத் தள்ளிவிட்டுப் போகிறவர்களை என் கடை வாசலிலேயே பார்க்கிறேன். கை நீட்டி வாங்கியே பழகிய ஊர் தன் காலில் நிற்க மறந்துவிடும் என்ற பயம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

படிப்பைப் பற்றிய பயம் அதைவிடப் பெரிது. அது எங்கேயோ படித்து வந்ததில்லை, என் கல்லாப்பெட்டிப் பக்கத்திலேயே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய ஒரு பையன் வேலைக்கு வந்தான். நல்ல பையன், கை சுத்தம். கிலோ 160 ரூபாய்ப் பருப்பில் 350 கிராம் எவ்வளவு என்றால் போனை எடுத்தான். கால் கிலோ 40, நூறு கிராம் 16, ஆக 56. இதற்குப் போன் எதற்கு? என் அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மாகாணி, அரைக்கால், கால், அரைக்கால் குறைய ஒன்று என்று பழைய பின்னக் கணக்கெல்லாம் அவருக்கு நாக்கு நுனியில் நிற்கும். வந்தவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே கணக்கை முடித்துவிடுவார். அவரைவிட ஒன்பது வருடம் அதிகம் படித்த பையன் ஒரு பொட்டலத்தில் 'துவரம்பருப்பு' என்று பிழையில்லாமல் எழுதத் தடுமாறினான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனைப் பன்னிரண்டு வருடம் உட்கார வைத்து, ஒவ்வொரு வருடமும் தேர்ச்சி என்று எழுதிக்கொடுத்தவர்கள் யார் என்றுதான் யோசித்தேன்.

சரி, பேத்தி கதைக்கு வருகிறேன்.

மகன் திருப்பூரில் வேலை. மருமகளும் பேத்தியும் எங்களோடு இருக்கிறார்கள். பாப்பாவை எல்.கே.ஜி.யிலிருந்து முதல் வகுப்பு வரை டவுனில் ஒரு ஆங்கில வழித் தனியார் பள்ளியில் படிக்க வைத்தோம். வேன், சீருடை, புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 38 ஆயிரம் ஆனது. காலை ஏழரைக்கு வேன் ஏறினால் ஐந்து மணிக்குத்தான் திரும்பும். பாட்டு நன்றாகச் சொல்லும், டை கட்டி அழகாக நிற்கும். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் ஒரு நாள் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூட்டுப் பெருங்காய டப்பாவை எடுத்துக் கொடுத்து, "இதில என்ன போட்டிருக்கு, படி பாப்பா" என்றேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சாம்பாருக்குப் போடுறது தாத்தா" என்றாள். படத்தையும் வாசனையையும் வைத்துச் சொன்ன பதில் அது. அடுத்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டில் இருந்த ஆங்கிலத்தைப் படிக்கச் சொன்னேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள், சேர்த்துச் சொல்ல வரவில்லை. மூன்று வருடம், ஒரு லட்சத்துக்கு மேல் பணம். தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. பள்ளியில் போய்க் கேட்டதற்கு, "செகண்ட் ஸ்டாண்டர்ட்ல பிக்கப் ஆயிடும் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வருடக் கட்டணத் தாளை நீட்டினார்கள்.

அன்று இரவு வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. மகன் போனில், "அப்பா, ஊர்ல என்ன நினைப்பாங்க" என்றான். மருமகள்தான் முதலில் தெளிந்தாள். "மாமா, நானும் நீங்க படிச்ச அதே மாதிரிப் பள்ளிக்கூடத்திலதானே படிச்சேன், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாமலா போச்சு" என்றாள். 2024 ஜூனில் உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். 1970-களில் நான் படித்த அதே பள்ளி.

முதலில் சோறு. ஏனென்றால் என் சண்டையே அதில்தான் தொடங்கியது.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் சில பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. எனக்கு அது அறவே பிடிக்கவில்லை. மத்தியானச் சோறு சரி, பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் அது. காலைச் சாப்பாடு பெற்றவள் போட வேண்டியது, அதையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டால் பெற்றவர்களுக்கு என்ன பொறுப்பு மிச்சம் இருக்கும் என்று வாதாடியவன் நான். அதனால் பாப்பாவை வீட்டில் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினோம். நாலாவது நாள் அழுதாள். மற்ற பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது இவள் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மறுநாள் நானே கூடப் போனேன். சரக்கு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று.

எட்டு மணிக்குப் போனபோது சமையல் கூடத்தில் ரவை வறுபட்ட வாசனை வந்தது. மளிகைக்காரனுக்கு வாசனையே பாதி சொல்லிவிடும். பழைய ரவை என்றால் வறுக்கும்போது ஒரு சிக்கு வாடை அடிக்கும். இது புதுச் சரக்கு. சமைக்கிற அக்காவிடம் கேட்டுச் சாக்கைத் திறந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். வண்டு இல்லை, கட்டி இல்லை. துவரம்பருப்பு நடுத்தரம், நான் கடையில் விற்பதைவிட ஒரு படி கீழே, ஆனால் நன்றாக வேகிற பருப்பு. ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். எடை போட்டே வாழ்கிறவன் என்பதால் சொல்கிறேன்: 50 கிராம் ரவை வெந்து வந்தால் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தட்டு நிறைய இருக்கும். அன்று சாம்பாரில் கேரட்டும் பூசணியும் கிடந்தன. நானும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் குறைவு, பிள்ளைகளுக்கு அது போதும். 2025 ஜூனிலிருந்து திங்கட்கிழமை உப்புமாவுக்குப் பதில் பொங்கல் சாம்பார். பாப்பாவுக்குத் திங்கட்கிழமைதான் இப்போது பிடித்த நாள்.

அந்த அக்கா மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். இந்த வேலைக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: சமைக்கிறவர் அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும், அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். இதை அவர் சொன்னபோது யார் யோசித்த விதியோ, அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அவர் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. வரிசையில் ஏழாவதாக உட்கார்ந்து அதே உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தன் பிள்ளை வாயில் போகிற ரவையை எந்தத் தாய் சலிக்காமல் போடுவாள்?

பாப்பா மறுநாளிலிருந்து அங்கேதான் சாப்பிடுகிறாள். தாய் விடியற்காலையிலேயே மில் வண்டி ஏறிவிடுகிற வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. அந்தப் பிள்ளைகள் முன்பெல்லாம் ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வரும். அந்த வர்க்கியை விற்றவன் நான். காலை உணவைப் பற்றி முன்பு நான் பேசியது தவறு.

சோறு போட்டால் ஊர் கெட்டுவிடும் என்று நினைத்தவன், கேடு வேறு இடத்தில் இருக்கிறது என்பதைப் பள்ளிக்கு நடையாய் நடந்த பிறகுதான் கண்டேன். அதைச் சொல்வதற்கு முன் பாடம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் மொத்தம் 41 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர்தான். சட்டத்தில் குறை இல்லை, கணக்கில் சரிதான். ஆனால் ஐந்து வகுப்பை இரண்டு பேர் நடத்துவது என்பது இரண்டு தராசை வைத்துக்கொண்டு ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் நிறுப்பது மாதிரி. ஒன்று முதல் மூன்று வரை ஒரு அறை, ஒரு டீச்சர். நாலும் ஐந்தும் தலைமையாசிரியர் பொறுப்பு. அவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் 41 பேரும் ஒரே டீச்சரிடம்.

அந்த டீச்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, நிலைக்குத் தகுந்த பயிற்சி கொடுக்கிறார்கள். எழுத்தே தெரியாத பிள்ளை அரும்பு, எந்த வகுப்பில் இருந்தாலும். பாப்பா இரண்டாம் வகுப்பில் அரும்பு. மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. டீச்சர், "அம்மா, இது மார்க் இல்ல. எங்க நிக்கிறான்னு தெரிஞ்சாத்தானே கூட்டிட்டுப் போக முடியும்" என்றார். மூன்று வருடம் பணம் வாங்கிய இடத்தில் ஒருவரும் சொல்லாத வார்த்தை அது. என் பேத்தி எங்கே நிற்கிறாள் என்பதை முதன்முதலாக ஒருவர் எங்களிடம் நேராகச் சொன்னார்.

பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மதியம் சாப்பாட்டுக்குப் பின் வேப்பமரத்தடியில் நாலு அரும்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எழுத்து அட்டைகளைத் தரையில் பரப்பி, 'ப', 'ட', 'ம்' என்று பிள்ளைகளே அடுக்கி வாய்விட்டுச் சொல்ல வைப்பார். ஒரு பிள்ளை தப்பாக அடுக்கினால் அடுத்த பிள்ளை திருத்த வேண்டும். அடி கிடையாது, கத்தல் கிடையாது, ஆனால் விடவும் மாட்டார். மழைக்காலம் முடிவதற்குள் பாப்பா மொட்டு. பொங்கல் விடுமுறையில் கடையில் உட்கார்ந்திருந்தவள், யாரும் சொல்லாமலே அந்தப் பெருங்காய டப்பாவை எடுத்தாள். 'கூட்டுப் பெருங்காயம்' என்று விரல் வைத்துப் படித்தாள். அதோடு விடவில்லை. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருந்ததையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, பெருங்காயத்துல மைதா மாவு எதுக்கு?" என்றாள். 34 வருடத்தில் ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. வத்தல் வாங்க வந்து நின்றவர் முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசிப்புக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். கணக்கில் அவ்வளவு தர முடியாது. புரிந்து செய்கிறார்கள், மணி வைத்தும் குச்சி வைத்தும் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் வாய்ப்பாட்டை மனதில் ஏற்றுவது குறைவு. நான் படித்தபோது மாலை மணி அடிப்பதற்கு முன் வகுப்பே சேர்ந்து பதினாறாம் வாய்ப்பாடு வரை ஓதும்; தெருவில் போகிறவர்களுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். அதை இப்போது நான் வீட்டில் செய்கிறேன். ஆங்கிலமும் சுமார்தான். தனியார் பள்ளி மாதிரிப் பேச்சு வரும் என்று எதிர்பார்த்துச் சேர்க்காதீர்கள். இலவசப் பொருள்களில் புத்தகமும் நோட்டும் பள்ளி திறந்த முதல் வாரமே வந்துவிட்டன. சீருடை தொளதொளவென்று இருந்தது, தைத்துப் போட்டோம். காலணி ஒரு அளவு பெரிது.

நாலாம், ஐந்தாம் வகுப்புதான் எனக்கு உறுத்துகிறது. சின்ன வகுப்பில் கிடைக்கும் கவனிப்பு அங்கே கிடைப்பதில்லை. தலைமையாசிரியர் நல்லவர், ஆனால் அவர் நேரத்தில் பாதி போனில் விவரம் ஏற்றுவதிலேயே போய்விடுகிறது. வருகை, சாப்பிட்டவர் எண்ணிக்கை, பொருள் வந்தது, வராதது, போட்டோ என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். நான் போகும்போதெல்லாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வருடக் கடைசியில் எல்லாருக்கும் தேர்ச்சி. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்பதைத்தான் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையிலும் வைத்திருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையைத் தோற்றாய் என்று சொல்லி நிறுத்த வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. நிறுத்தினால் அது ஆடு மேய்க்கவோ தீப்பெட்டி வேலைக்கோ போன காலத்தை இந்த ஜில்லாவில் நாங்கள் பார்த்திருக்கிறோம். நான் கேட்பது இவ்வளவுதான்: படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தெரியாது என்று எழுதுங்கள், அதைப் பெற்றவர்களிடம் நேராகச் சொல்லுங்கள், கோடை விடுமுறையில் ஒரு மாதம் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அரும்பு, மொட்டு என்று சின்ன வகுப்பில் காட்டுகிற அந்த நேர்மை பெரிய வகுப்பிலும் வேண்டும். கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் 100-க்கு 50 பேர், 2022-இல் 43 பேர், 2024-இல் 49 பேர் என்று, ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்க வைத்துப் பார்க்கிற ஏசர் ஆய்வின் அறிக்கைகள் சொல்கின்றன. கொரோனாவில் விழுந்தது ஏறிவருகிறது, சரி. ஆனால் பாதிப் பிள்ளைகள் வாசிக்காமல் ஆறாம் வகுப்புக்குப் போகிற நாடு என்னவாகும்? இந்தப் பிள்ளைகள்தான் நாளைக்கு என் கடைக்கு வருவார்கள், ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுப்பார்கள், பஞ்சாயத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

பிள்ளைகளும் முன்பு மாதிரி ஏராளமாக இல்லை. நான் படித்தபோது இதே பள்ளியில் 160 பேருக்கு மேல். இப்போது 41. தனியார் வேன் கொஞ்சம் கொண்டுபோகிறது என்றாலும், பிறப்பே குறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளை என்று மத்திய அரசின் 2020-ஆம் வருட மாதிரிப் பதிவுக் கணக்கே சொன்னது. பக்கத்து மில்லில் ஒடிசா, பீகார் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். உழைத்துச் சம்பாதிக்க வந்த பிள்ளைகள், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நம் வீட்டில் இருப்பது ஒன்றோ இரண்டோ என்னும்போது, அந்த ஒன்றை எழுத்தறியாமல் விட நமக்கு எப்படி மனம் வருகிறது என்றுதான் தோன்றுகிறது.

இப்போது கேடு எங்கே என்பதற்கு வருகிறேன்.

2024 அக்டோபரில் பள்ளிக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார் எரிந்துவிட்டது. கம்பிச் சுருளை மாற்றிக் கட்ட 2,800 ரூபாய். தலைமையாசிரியர் மேலே எழுதிப் போட்டார். பணம் வர நாளாகும். பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் பள்ளியில் இருக்க ஆரம்பித்தார்கள். பாப்பா மாலையில் ஓடிவந்ததும் முதலில் கொல்லைப்புறம்தான் போவாள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் போட்டார்கள். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். முன்னாள் மாணவன் என்ற முறையில் என்னையும் சேர்த்திருந்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்கு 70 ரூபாய் போட்டால் முடிந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "அண்ணாச்சி, அது கவர்மென்ட் வேலை, நம்ம ஏன் போடணும்" என்று ஒருவர் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதே வாரம் மகளுக்குக் காதுகுத்து வைத்து, சாலை நெடுக பிளக்ஸ் வைத்தவர். கடைசியில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பியும் நானும் இரண்டு தாய்மாரும் போட்டு மோட்டாரை ஓட வைத்தோம். மூன்று வாரம் போய்விட்டது.

அந்த மூன்று வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் என் அப்பத்தா செய்ததை நான் கண்ணால் பார்த்தவன். உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள், தினமும். "எதுக்கு அப்பத்தா?" என்றால், "பொதுவுக்குடா" என்பாள். விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலாவே வீட்டுக்கு வீடு அப்படி எடுத்த பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம். வியாபாரிகள் விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். அதில் பள்ளி வந்தது, கிணறு வந்தது, சத்திரம் வந்தது. பணக்காரர்கள் கொடுத்த நன்கொடை என்று நினைத்துவிடாதீர்கள், பனையேறி வந்தவர்களும் சேர்ந்து போட்டது. போட்டவன் என்ன செய்வான்? பள்ளிக்கூடப் பக்கம் போகும்போது எட்டிப் பார்ப்பான். வாத்தியார் வரவில்லை என்றால் கேட்பான்.

அரசாங்கம் வந்த பிறகும் அது ஒரேயடியாக மாறிவிடவில்லை. 1956-இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தபோது செலவில் ஒரு பங்கை ஊர்க்காரர்கள் ஏற்க வேண்டியிருந்தது. 1958-இல் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடத்தினார்கள், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்த காலம். பெஞ்சு, கரும்பலகை, மணி, நிலம், கட்டடம் என்று அவரவரால் முடிந்ததை மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் பள்ளியின் பழைய மர பீரோ ஒன்றில் கொடுத்தவர் பெயர் இன்னும் பெயிண்டில் இருக்கிறது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக்கியபோது ஊரின் பங்கு தேய்ந்துகொண்டே வந்தது. பிள்ளைகள் வயிறு நிறைந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொடுப்பதெல்லாம் சென்னையிலிருந்து வருகிறது என்றான பிறகு, பள்ளி ஊருடையது என்ற நினைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிட்டது.

பேரேடு எழுதிப் பழகியவன் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். 2025-26-க்குப் பள்ளிக் கல்விக்கு மாநில பட்ஜெட்டில் ஒதுக்கியது 46 ஆயிரம் கோடிக்கு மேல். 2024-25-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48 ஆயிரம் கோடிக்கு மேல். இந்த இரண்டு எண்ணையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அப்பன் குடித்து வந்த பணத்தில் மகனுக்கு நோட்டுப் புத்தகம் என்று ஆகிவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? இதை எந்தக் கட்சிக்காகவும் நான் சொல்லவில்லை. சில்லறை மதுக்கடையை அரசே எடுத்து நடத்துவது 2003-இலிருந்து, எல்லார் ஆட்சியிலும்.

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயைப் பற்றியும் கேட்பீர்கள். அதையும் எதிர்த்தேன். ஆனால் மாதம் 15-ஆம் தேதிக்குப் பிறகு கடன் நோட்டில் கோடு விழுகிறது. முட்டை, பருப்பு, நல்லெண்ணெய் என்றுதான் அந்தப் பணம் என் கடைக்குள் வருகிறது. வீண் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஆனால் இரண்டு மூன்று வீடுகளில், "அதான் ஆயிரம் வருதுல்ல" என்று வீட்டுக்காரர் கொடுப்பதைக் குறைத்துவிட்டார் என்று அந்தப் பெண்களே சொன்னார்கள்.

ஆக, இந்தப் பள்ளியில் அரசாங்கம் தர வேண்டியதில் பெரும்பகுதி வந்துகொண்டிருக்கிறது: சோறு, புத்தகம், ஒரு அருமையான டீச்சர். வராமல் இருப்பது நாங்கள். சமைக்கிற அக்காவின் மகன் வரிசையில் உட்கார்ந்திருப்பதால் ரவை சுத்தமாக இருக்கிறது. பஞ்சாயத்து உறுப்பினர், கிளர்க், கடைக்காரன், ஏன், அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்குகிற ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளும் அதே வரிசையில் உட்கார்ந்தால் மோட்டார் மூன்று வாரம் கிடந்திருக்குமா? ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வரை நானும் வேனில் ஏற்றிவிட்டு, வேடிக்கை பார்த்த கூட்டத்தில்தான் இருந்தேன். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இந்த ஆடி மாதத்திலிருந்து கடையில் மகமை எடுக்கிறேன். வத்தல், பருப்பு, எண்ணெய் மூன்றுக்கும் கிலோவுக்கு 50 பைசா, என் லாபத்திலிருந்து. எழுதிப் போட்டிருக்கிறேன். எதிர்க்கடைத் தம்பியும் உரக்கடைக்காரரும் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஊர்ப் பெண் ஒருத்தி, பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள், மாலை நாலரையிலிருந்து ஆறு வரை நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் வாய்ப்பாடும் நடத்துகிறாள். பள்ளி வராந்தாவிலேயே. முதல் மாதம் ஏழு பிள்ளைகள் வந்தார்கள், இப்போது பதினெட்டு.

சேர்க்கலாமா என்று கேட்டால்: பிள்ளை ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்குள் என்றால் தயங்காமல் சேருங்கள். நாலு, ஐந்து என்றால் மாலையில் வீட்டில் ஒருவர் கூட உட்கார வேண்டும், அல்லது வராந்தா வகுப்புக்கு அனுப்ப வேண்டும். ஆங்கிலப் பேச்சுதான் முக்கியம் என்றால் உங்களுக்கு இது சரிவராது. 2024-இலும் 2025-இலும் சேர்க்கை மார்ச் 1-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. பிறப்புச் சான்று, ஆதார் நகல், போட்டோ போதும், ஒரு பைசா கட்டணம் இல்லை. போகிறவர்கள் காலை எட்டு மணிக்குப் போங்கள். ரவை வறுபடும் நேரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பையை வைப்பார்கள், டீச்சர் எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவார். வாசலில் கையெழுத்து நோட்டு ஒன்று இருக்கும், பெற்றோர் வருகைக்கு. அதில் உங்கள் பெயரையும் எழுதிவிட்டு வாருங்கள்.